கேளுங்கள், சொல்கிறோம்: சுங்கை சிப்புட்டில் சில மாதக் குடித்தனம்

கே: பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிக்கு ஆறு மாதத்துக்கு மாற்றலாகிப் போகிறேன். டவுனில் தங்குவதா, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு எடுப்பதா?
– ஆசிரியை, கிள்ளான்

ஆறே மாதம் என்றால் அறை எடுப்பதுதான் லாபம். முழு வீட்டுக்கு இரண்டு மாத வாடகை டெபாசிட், ஒரு மாத முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் என்று மூன்றரை மாதப் பணத்தை முதல் நாளே எண்ணி வைக்கச் சொல்வார்கள். ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் போடுவார்கள். நடுவில் கிளம்பினால் டெபாசிட் கைக்கு வராது. "ஆறு மாதம்" என்று எழுத்தில் இருந்தால் மட்டும் சாவியை வாங்குங்கள்.

டவுனில் கடைவீட்டு மாடி அறைகள் மலிவு. இறங்கினால் அஞ்சடி எனும் கடை முன் நடைபாதை, பக்கத்திலேயே பசியாறக் கடை. ஆனால் பழைய கூட்டரசுச் சாலை ஊர் நடுவே போவதால் ரோட்டுப் பக்க அறையில் லோரிச் சத்தம் இருக்கும். பின்பக்க அறையைக் கேளுங்கள்.

தாமான் என்றால் வீட்டை இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஒரு முறை மாலை 5 மணிக்கு மேல். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை ஒவ்வொரு தாமானுக்கும் ஒவ்வொரு நாள் வரும். அது உங்கள் வாசலில் என்றால் வாரத்தில் ஒரு மாலை காரை வெளியே எடுக்க முடியாது. செம்பனை ஆலையோ ரப்பர் ஆலையோ காற்று வரும் பக்கம் இருந்தாலும் மாலையில் மூக்கே சொல்லிவிடும். கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றத்துக்கு மெழுகுவத்தி, ஊதுவத்தி எதுவும் எடுபடாது. இரண்டாவது முறை, நல்ல மழை விட்ட கையோடு. பின்சந்துச் சாக்கடை வழிகிறதா, சீலிங்கில் பழுப்பு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஈரமும் ஓரத்தில் கருத்த கோடுமாக இருந்தால் ஓடு இன்னும் ஒழுகுகிறது. காய்ந்த வட்டத்தின் மேல் புதுச் சாயம் என்றால் மறைக்கப் பார்க்கிறார்கள்.

குடிபோகும் அன்றே மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். தெனாகா மின்சார பில், பேரா தண்ணீர் வாரிய பில் இரண்டிலும் போன மாதத் தாளைக் கேளுங்கள். பழைய பாக்கி நின்றால் இணைப்பை வெட்டும்போது இருட்டில் உட்காரப் போவது நீங்கள்தான்.

பக்கத்து வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி "எந்தத் தோட்டம்?" என்பதாக இருக்கும். தாமானுக்கு வந்து முப்பது வருஷமானாலும் இங்குள்ள குடும்பங்கள் பழைய தோட்டத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். கிள்ளான் என்று சொன்னால் அதற்கு முன் தாத்தா எந்தத் தோட்டம் என்பார்கள். பதில் தெரிந்து வைத்திருங்கள். ஊர் பாதி அங்கேயே திறந்துவிடும்.

கே: காலையில் தோட்டத்துக்குள் நடக்கப் போகலாமா? யாரும் தடுப்பார்களா?
– வாசகர், பூச்சோங்

தோட்டம் தனியார் நிலம். கேட்டில் ஜாகா (காவலாளி) இருந்தால் பெயரும் காரணமும் சொல்லிக் கேளுங்கள். கோயிலுக்கு, பள்ளிக்கு என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வெறுமனே சுற்றிப் பார்க்க என்றால் ஆபிசில் கிராணியை (எழுத்தரை)ப் பார்க்கச் சொல்வார்கள். செம்பனைக் காய்த் திருட்டு நடக்கும் தொழில் இது; அறிமுகமில்லாத மோட்டார் சைக்கிளைச் சந்தேகப்படுவது அவர்கள் வேலை. கேட் இல்லாத சந்து வழியாக நுழைந்துவிட்டு "தெரியாது" என்று சொல்லாதீர்கள்.

பால்மரக் (ரப்பர்) காட்டுக்கும் செம்பனைக்கும் நடை வேறு. பால் வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். பத்து மணி வாக்கில் சொட்டு நின்று பால் எடுக்கும் நேரம். அதுவரை பால் பிடிக்கும் மங்குகளைத் தொடாமல், நிரைக்கு நடுவே போகாமல் பாதையிலேயே நடங்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து நிழல் போய்விடும்.

செம்பனையில் ஒரே நிரைக்குப் பத்து, பதினான்கு நாளுக்கு ஒரு தடவை அறுவடை சுற்றி வரும். நீளக் கம்பில் அரிவாள் மாட்டி வெட்டும்போது முதலில் மட்டை விழும், பின்னால் குலை. முற்றிய மரத்துக் குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். கம்பு கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். வெட்டுபவர் அண்ணாந்து குலையைத்தான் பார்ப்பார், உங்களையல்ல. வெட்டிய மட்டைகளை நிரைக்கு நிரை குவித்திருப்பார்கள். அடிமட்டை ஓரத்தில் வரிசையாக முள், செருப்பு போதாது. அந்தக் குவியலில்தான் எலி, எலியைத் தேடி நாகம். மருந்து அடித்த பகுதியில் அன்று கால் வைக்காதீர்கள். செம்மண் ரோட்டில் மழைக்குப் பின் லோரி வந்தால் ஓரத்துக்குப் போவதைவிட நின்று வழிவிடுவது நல்லது, ஓரம்தான் வழுக்கும்.

லிந்தாங் ரோட்டில் லாசா பக்கம் போனால் காட்டோரத்தில் யானை இறங்குவதும் உண்டு. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் தெமியார் எனும் பூர்வகுடி மக்களின் ஊர்கள். தெரிந்தவர் அழைக்காமல் கேமராவோடு போகக் கூடாது.

கே: கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?
– வாசகர், ஜொகூர்

டவுனுக்குள் முடியும். தோட்டப் பக்கம் மோட்டார் இல்லாமல் முடியாது. இரவு ஒன்பதுக்கு மேல் கிராப் வாடகைக் கார் கிடைப்பது அதிர்ஷ்டம். ஈப்போவுக்குப் பேருந்து உண்டு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே ஓட்டுநரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இடிஎஸ் ரயில் இங்கே நின்றாலும் எல்லா வண்டியும் நிற்காது. டிக்கெட்டில் "சுங்கை சிப்புட்" என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று: பொருள் வரவழைத்தால் முகவரியில் 31100 என்ற அஞ்சல் எண்ணை விடாதீர்கள். மலாக்காவிலும் ஒரு சுங்கை சிப்புட் இருக்கிறது.

கே: கோயம்புத்தூரிலிருந்து ஆலை வேலையாக மூன்று மாதம் வருகிறேன். சைவம். என்ன கவனிக்க வேண்டும்?
– பொறியாளர்

ஹோட்டலில் தங்கினால் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி. மாதத்துக்கு 300 வெள்ளி. அந்தக் காசை வாடகை அறையில் போடலாம். மோட்டார் ஓட்டுவதானால் அனைத்துலக உரிமத்தை ஊரிலேயே எடுத்து வாருங்கள், அதில் இருசக்கர வண்டிக்கு முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள்.

சாப்பாட்டில் "சைவம்" என்றால் மட்டும் போதாது. சம்பால் மிளகாய்த் துவையலில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும். ரொட்டி சானாய்க்கு (பரோட்டாவுக்கு) ஊற்றும் குழம்பு மீன் குழம்பாக இருக்கலாம். "பருப்பு மட்டும்" என்று சொல்லுங்கள். வாழையிலைக் கடையில் கவலையில்லை. சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் மாதத்தின் முதல், இரண்டாம் ஞாயிறுகளில் டவுன் நெரியும். மார்க்கெட்டுக்கு எட்டு மணிக்குமுன் போய்விடுங்கள். அரசு முகப்பு வேலையை வெள்ளிக்கிழமை நண்பகலில் வைத்துக்கொள்ளாதீர்கள், தொழுகைக்கு மூடியிருக்கும்.

கே: ஊரில் பார்க்க வரலாறு ஏதாவது உண்டா?
– வாசகி, ஈப்போ

ஈப்போவிலிருந்து கொண்டு இப்படிக் கேட்கலாமா! 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த வட்டாரத்து எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும்தான். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் அதிலிருந்து தொடங்கியது. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடலில் தோட்டங்கள் கைமாறியபோது தொழிலாளரையே தோட்டம் வாங்க வைத்த கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கியவர் அவர். அவர் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளியைப் பள்ளி விடுமுறையில் பார்க்காதீர்கள், பூட்டியிருக்கும். வண்டி இருந்தால் அப்படியே கோலகங்சார் போய், மாவட்ட அலுவலகம் அருகே 1877-இல் நட்ட ரப்பர் மரத்தையும் பார்த்து வரலாம். அரை நாள் போதும். மழைக்கு முன், காலையிலேயே கிளம்புங்கள்.