எழுந்து நின்றவருக்கு எவ்வளவு?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் உயிர். எதிரணி வீரரைக் காயப்படுத்தியவருக்கு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் பணம் கொடுத்த பழைய விவகாரத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். "மோதுவதுதான் அந்த ஆட்டமே. ஊக்கத்தொகை கொடுத்தால் என்ன தப்பு?" என்கிறான். என்ன பதில் சொல்வது? - ஒரு தாய்

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. பந்து வைத்திருப்பவரை இடித்துச் சாய்ப்பது அந்த ஆட்டத்தில் வேலை, குற்றமில்லை. ஆனால் காசு எதற்கு என்று பாருங்கள். 2009 முதல் மூன்று பருவங்கள் செயின்ட்ஸ் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ் நடத்திய நிதி அது. எதிராளி ஆட்டத்துக்குத் திரும்ப முடியாமல் போனால் 1,500 டாலர். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்படி ஆனால் 1,000. பந்தை இடைமறித்துப் பிடித்ததற்கும் அதிலிருந்து பணம் உண்டு. போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். லீக்கின் விதிப்படி அதுவும் தவறுதான், ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் வயிறு கலங்காது.

2010 ஜனவரியில் மினசோட்டா வைக்கிங்ஸுடன் ஆட்டம். பந்தை வீசப்போன 40 வயது வைக்கிங்ஸ் வீரர் பிரெட் ஃபார்வை செயின்ட்ஸ் வீரர் ஒருவர் மேலே இடிக்க, இன்னொருவர் கால்களில் விழுந்தார். கணுக்கால் வீங்க, நொண்டிக்கொண்டே ஆட்டத்தை முடித்தார் ஃபார்வ். செயின்ட்ஸ் வென்றது; அடுத்த மாதம் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் தூக்கியது. ஃபார்வை வெளியேற்றுபவருக்கு 10,000 டாலர் என்று செயின்ட்ஸ் வீரர் ஜொனாதன் வில்மா அறிவித்ததாக லீக் பின்னர் குற்றம் சாட்டியது. வில்மா மறுத்தார்.

லட்சக்கணக்கான டாலர் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஆயிரம் டாலர் சில்லறை. எனக்கு அதுதான் கூடுதல் அருவருப்பு. பணத்தேவை என்ற சாக்குகூட இல்லை. ஒருவன் எலும்பை முறித்ததற்குச் சகாக்கள் முன்னால் கிடைக்கும் முதுகுத்தட்டலுக்குத்தான் அந்த நோட்டுகள்.

தலைமைப் பயிற்சியாளர் ஷான் பெய்டனை 2012 பருவம் முழுவதும் லீக் விலக்கியது. அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம். வீரர்கள் மீதான தடைகளை அந்த டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த பால் டாக்லியாபு ரத்து செய்து, பழியைப் பெரும்பாலும் பயிற்சியாளர்கள் தலையில் வைத்தார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற கணக்கு. இந்த அம்புக்குக் கண் இருந்ததே என்பது என் குறை.

அடுத்த முறை மகன் பேச்செடுத்தால் ஒன்று கேளுங்கள்: விதிப்படி சுத்தமாகச் சாய்க்கப்பட்டவர், புல்லைத் தட்டிவிட்டு எழுந்து நின்றால், சாய்த்தவருக்கு எவ்வளவு?