அபராதத்தை உயர்த்தினால் தெரு காலியாகுமா?

கேள்வி: எங்கள் கடைத்தெருவில் நாள் முழுக்க இருபுறமும் வண்டிகள். முனையில் திரும்பவே முடிவதில்லை. இழுவை வண்டி எப்போதாவது வரும். அது போன கொஞ்ச நேரத்தில் பழைய கதைதான். அபராதத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லி நகராட்சியில் மனு கொடுக்கலாமா?

பதில்: மனு கொடுங்கள். ஆனால் அபராத உயர்வு மட்டும் கேட்டால் பெரிதாக ஒன்றும் மாறாது. வண்டியை நிறுத்துகிறவர் தொகையைவிட, இன்று மாட்டுவோமா என்பதைத்தான் கணக்குப் போடுகிறார். எப்போதாவது விழும் பெரிய அபராதத்தை "நம் நேரம்" என்று கட்டிவிட்டுப் போய்விடுவார். தவறாமல் விழும் சிறிய அபராதம்தான் பழக்கத்தை மாற்றும். ஜப்பான் 2006-இல் இதைத்தான் செய்தது. அதுவரை போலீசார் மட்டும் பார்த்த வேலையில் தனியார் கண்காணிப்பாளர்களையும் இறக்கியது. ஓட்டியவர் சிக்காவிட்டால் உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழி செய்தது.

மனுவுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வேலைநாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடை திறந்ததிலிருந்து மணிக்கு ஒருமுறை தெருவை நடந்து, நிற்கும் வண்டிகளின் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களையும் நிற்கும் இடத்தையும் குறியுங்கள். ஒரே எண் ஐந்தாறு சுற்றிலும் வந்தால் அது சாமான் வாங்க வந்தவர் வண்டியாக இருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் கடைக்காரர் அல்லது ஊழியருடையது. "பார்க்கிங்கைக் கட்டுப்படுத்தினால் வியாபாரம் போய்விடும்" என்ற எதிர்ப்புக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

நாள் முழுக்க நிற்பவர்களுக்குச் சற்றுத் தள்ளி மாத அனுமதியில் இடம் வேண்டும். வந்து போகிறவர்களுக்கு நேர வரம்பு அல்லது கட்டணம். சரக்கு வண்டிக்குத் தனி நேரம். கட்டணம் எவ்வளவு என்ற கேள்விக்கு டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எளிய விடை சொன்னார்: தெருவின் ஒவ்வொரு பக்கத்திலும் எப்போதும் ஓரிரு இடம் காலியாக இருக்கும் அளவுக்கு. சான்பிரான்சிஸ்கோ 2011-இல் இதே வழியில் சோதனை தொடங்கியது. நெரிசலான இடத்தில் கட்டணத்தை ஏற்றியது, காலியாகக் கிடந்த இடத்தில் குறைத்தது.

முனை மட்டும் இதில் சேராது. அங்கே யாரும் எந்த விலைக்கும் நிறுத்தக்கூடாது. நின்ற காருக்குப் பின்னாலிருந்து சாலைக்கு வரும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது. நோ பார்க்கிங் பலகையை நம்பாதீர்கள். குறுந்தூண்களோ சைக்கிள் நிறுத்தும் கம்பிகளோ வைக்கச் சொல்லுங்கள். நியூஜெர்சியின் ஹோபோக்கன் நகரம் சந்திப்பு முனைகளில் வண்டி நிற்காதபடி செய்தது. வேறு சில சாலை மாற்றங்களும் சேர, 2017-க்குப் பிறகு அந்நகரச் சாலைகளில் பல ஆண்டுகள் விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை.

ஆகவே மனுவில் முனைக்குத் தூண்களை முதலில் கேளுங்கள். அதற்குச் செலவும் குறைவு, எதிர்ப்பும் குறைவு. அப்புறம் தினசரி ரோந்து. கட்டணத்தை மூன்று மாதச் சோதனையாகக் கேளுங்கள், அந்தப் பணம் இதே தெருவின் நடைபாதைக்குச் செலவாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதம் முடிந்ததும் அதே கிழமைகளில், அதே நேரங்களில் மறுபடி எண்ணுங்கள்.