டாட் காமா, புதிய பின்னொட்டா? டொமைன் பெயர் குறித்து வாசகர்கள் கேட்டவை

கேள்வி: சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்க இருக்கிறோம். நாங்கள் விரும்பிய பெயரை டாட் காமில் வேறொருவர் பதிவு செய்து வைத்திருக்கிறார். நடுவில் ஒரு கோடு போட்டு டாட் காமிலேயே வாங்குவதா, அதே பெயரை டாட் ஆப் போன்ற புதிய பின்னொட்டில் வாங்குவதா?

பதில்: முதலில் அந்த டாட் காம் முகவரியை உலாவியில் திறந்து, அங்கே இருப்பவர் யார், என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் துறையிலேயே இயங்கும் நிறுவனம் அங்கே இருந்தால், கோடு போட்டாலும் பின்னொட்டை மாற்றினாலும் சிக்கல் தீராது. பெயரையே மாற்றிவிடுவதுதான் நல்லது. உங்களைத் தேடி வருபவர்களில் ஒரு பகுதியினர் அவரிடம் போய்ச் சேருவார்கள் என்பது ஒருபுறம். மறுபுறம், அவரிடம் வணிகக் குறி இருந்தால், 1999 முதல் நடைமுறையில் உள்ள யூடிஆர்பி என்னும் தகராறு தீர்வு முறையின்கீழ் உங்கள் டொமைனைத் தம்மிடம் மாற்றித் தருமாறு அவர் கோர முடியும். பெயர் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது, அதில் உங்களுக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறீர்கள் ஆகிய மூன்றையும் அவர் நிறுவ வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பெயர்களை ஒப்பிடும்போது பின்னொட்டைப் பொதுவாகக் கணக்கில் கொள்வதில்லை என்பதால், 'என்னுடையது டாட் ஆப்' என்ற பதில் மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

அங்கே இருப்பவர் முற்றிலும் வேறு துறையினர், அல்லது 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற ஒற்றைப் பக்கம்தான் இருக்கிறது என்றால், கோடு போட்ட பெயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். "பெயருக்கு நடுவில் ஒரு கோடு வரும், இல்லை, அடியில் போடுகிற கோடு இல்லை, நடுவில் வருகிற சின்னக் கோடு" என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் கோடே இல்லாமல் தட்டச்சு செய்து வேறொருவர் தளத்தைத் திறந்திருப்பார். புதிய பின்னொட்டிலும் இந்தத் தொல்லை ஓரளவு உண்டு. முகவரியின் இறுதியில் டாட் காம் என்று வந்தால்தான் அது இணைய முகவரி என்று பலருக்குப் பழகிவிட்டது. 1985-இல் தொடங்கி, இன்று 15 கோடிக்கும் அதிகமான பெயர்கள் பதிவாகியிருக்கும் பின்னொட்டுக்கு அந்தச் செல்வாக்கு இருப்பதில் வியப்பில்லை. ஆகவே உங்கள் பயனர்கள் மென்பொருள் துறையினர் என்றால் டாட் ஆப் தாராளமாகப் போதும். பொதுமக்கள் காதால் கேட்டுத் தட்டச்சு செய்யும் முகவரி என்றால், பெயரோடு இயல்பாக ஒட்டக்கூடிய ஒரு சிறு சொல்லைச் சேர்த்து டாட் காமிலேயே வாங்குவது மேல்.

டாட் ஆப் பற்றி இன்னொன்று. கூகுள் 2018-இல் பொதுப் பதிவுக்குத் திறந்த இந்தப் பின்னொட்டு, மறையாக்கப்பட்ட இணைப்பை மட்டுமே ஏற்க வேண்டும் என்று உலாவிகளுக்குள்ளேயே பட்டியலிடப்பட்டிருக்கிறது. அத்தகைய இணைப்புக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழை நிறுவாவிட்டால் தளம் திறக்கவே திறக்காது. இதை நான் குறையாகக் கருதவில்லை, ஆனால் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: புதிய பின்னொட்டு ஒன்று முதல் ஆண்டுக்கு மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: விலைப் பட்டியலில் கண்ணில் படும் எண்ணை விட்டுவிட்டு, புதுப்பித்தல் கட்டணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது சிறிய எழுத்தில், பணம் செலுத்தும் பக்கத்தின் அடியில் இருக்கும். டொமைன் என்பது ஒரு முறை வாங்கி முடித்துவிடும் பொருளன்று; நீங்கள் தளம் நடத்தும் காலமெல்லாம் கட்ட வேண்டிய வாடகை. ஆகையால் பத்து ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே 'மலிவு' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இதில் பழைய பின்னொட்டுக்கும் புதியவற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. டாட் காமின் மொத்த விற்பனை விலையை, அதை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் விருப்பம்போல் உயர்த்த முடியாது; ஆறு ஆண்டு காலப்பகுதி ஒவ்வொன்றிலும் கடைசி நான்கு ஆண்டுகளில் மட்டும், ஆண்டுக்கு 7 விழுக்காடு வரை உயர்த்தலாம் என்று ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. 2012-இல், இணையப் பெயர் முறைமையை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பங்களைப் பெற்ற சுற்றில், ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணத்தில் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றிலிருந்து 1,200-க்கும் அதிகமான புதிய பின்னொட்டுகள் பிறந்தன. அவற்றுக்கு இத்தகைய விலை உச்சவரம்பு கிடையாது. புதுப்பித்தல் விலையை உயர்த்த 180 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதும், அதற்குள் பழைய விலையிலேயே பத்து ஆண்டு வரை புதுப்பித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதும்தான் பாதுகாப்பு. அந்த முன்னறிவிப்பு, உங்களுக்குப் பெயரை விற்ற பதிவு நிறுவனத்துக்குப் போகும். உங்கள் கண்ணில் படுமா என்பது அந்த நிறுவனத்தின் பொறுப்புணர்வைப் பொறுத்தது. 'பிரீமியம்' என்று குறிக்கப்பட்ட பெயர்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவற்றுள் சிலவற்றுக்கு முதல் ஆண்டு மட்டும் அதிக விலை. வேறு சிலவற்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே உயர்ந்த விலை. வாங்குவதற்கு முன் இது எந்த வகை என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், புதுப்பித்தல் கட்டணத்தைக் கண்டு திகைத்து, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். காலாவதியான பெயர் உடனே போய்விடுவதில்லை. பொதுப் பின்னொட்டுகளில் அதிகபட்சம் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம், நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலமும் உண்டு. ஆனால் மீட்புக் கட்டணம் தனி. சேமிக்க நினைத்த தொகையைப் போல் பல மடங்கு கட்டித்தான் அவர் பெயரைத் திரும்பப் பெற்றார்.

கேள்வி: டாட் காம் இல்லாவிட்டால் கூகுள் தேடலில் பின்தங்கிவிடுவோமா?

பதில்: இல்லை. புதிய பொதுப் பின்னொட்டுகளைப் பழையவற்றைப் போலவே நடத்துவதாகவும், பின்னொட்டில் உள்ள சொல்லால் சாதகமோ பாதகமோ இல்லை என்றும் கூகுள் 2015-லேயே தெளிவுபடுத்திவிட்டது. நாட்டுப் பின்னொட்டு மட்டும் விலக்கு. அது தளம் எந்த நாட்டினருக்கானது என்பதற்கான அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

கேள்வி: என் மின்னஞ்சல் முகவரி ஒரு புதிய பின்னொட்டில் முடிகிறது. சில படிவங்கள் அதை ஏற்க மறுக்கின்றன. குற்றம் என் பக்கமா?

பதில்: உங்கள் பக்கம் எந்தக் குற்றமும் இல்லை. முகவரியைத் தட்டச்சு செய்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தவுடன் சிவப்பு எழுத்தில் 'சரியான மின்னஞ்சலை உள்ளிடவும்' என்று வருகிறதல்லவா, அந்தப் படிவத்தை எழுதியவர் பின்னொட்டு என்றால் இரண்டு முதல் நான்கு எழுத்துதான் என்று எண்ணிய காலத்து விதியை எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டியிருக்கிறார். டாட் மியூசியம் 2001-லேயே வந்துவிட்டது; பின்னொட்டு 63 எழுத்துகள் வரை நீளலாம் என்பது இணையப் பெயர் முறைமையின் அடிப்படை விதி. தவறு அவர்களுடையது, ஆனால் அவதி உங்களுடையது. ஆகவே அந்தத் தளத்தாருக்கு எழுதுங்கள். அதே வேளையில் வங்கி, பயணச்சீட்டு போன்ற தவறவிடக் கூடாத இடங்களுக்குப் பழைய பின்னொட்டில் ஒரு மாற்று முகவரியும் வைத்திருங்கள்.

எரிதம் எனப்படும் வேண்டாத மின்னஞ்சல்களை அனுப்புவோர் மிக மலிவான பின்னொட்டுகளையே மொத்தமாக வாங்குகிறார்கள் என்பதால், மின்னஞ்சல் வடிகட்டிகள் சில பின்னொட்டுகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும் உண்டு. அதிகம் முறைகேடாகப் பயன்படும் பின்னொட்டுகளின் பட்டியலை, எரிதத்தைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு வெளியிடுகிறது. மின்னஞ்சலை நம்பித் தொழில் நடத்துபவர் வாங்கும் முன் அதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: டாட் ஐஓ, டாட் ஏஐ போன்றவை புதிய பின்னொட்டுகள்தாமே? அவற்றை நம்பி வாங்கலாமா?

பதில்: பார்வைக்குப் புதுமையாக இருந்தாலும் இவை புதிய பின்னொட்டுகள் அல்ல. இரண்டெழுத்துப் பின்னொட்டுகள் எல்லாம் நாட்டுக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 3166 தரப்பட்டியலை ஒட்டி நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. டாட் ஐஓ பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதிக்கும், டாட் ஏஐ அங்குவில்லாவுக்கும், டாட் டிவி துவாலுவுக்கும் உரியவை. கூகுள் இவற்றைப் பொதுப் பின்னொட்டுகளாகவே நடத்துகிறது என்பதால் தேடலில் குறையில்லை. ஆனால் விதிகளை வகுப்பது ஐகான் அல்ல, அந்தந்தப் பின்னொட்டை நிர்வகிக்கும் அமைப்புதான். விலை, தகராறு, பெயர் பறிப்பு எல்லாமே அவர்கள் கையில்.

நாடு மாறினால் பின்னொட்டும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. யுகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதும், தகுதி இழந்த பிரிட்டன் உரிமையாளர்களின் டாட் ஈயூ பெயர்கள் 2021-இல் முடக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பறிக்கப்பட்டன. டாட் ஐஓ-வுக்கு உரிய ஆட்சிப்பகுதியான சாகோஸ் தீவுகளின் இறைமையை மொரீஷியசுக்குக் கொடுக்கப் போவதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்தபோது டாட் ஐஓ உரிமையாளர்கள் கலங்கியது இதனால்தான். நாட்டுக் குறியீடு பட்டியலிலிருந்து நீங்கினாலும் பின்னொட்டை ஒரே நாளில் மூடிவிடுவதில்லை. ஐந்து ஆண்டு அவகாசமும், தேவையானால் மேலும் ஐந்து ஆண்டு வரை நீட்டிப்பும் தரும் கொள்கை இருக்கிறது. எனவே ஏற்கெனவே வைத்திருப்பவர் அஞ்சி ஓட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு மட்டும் நான் சொல்வது, அதே பெயர் டாட் காமிலும் கிடைத்தால் அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள் என்பதே.

கேள்வி: தொண்டு அமைப்பு ஒன்றுக்கு டாட் ஆர்க் தானே சரி?

பதில்: ஆம், தயங்காமல் வாங்கலாம். அதை யாரும் வாங்கலாம் என்பதால் அது சான்றிதழ் ஆகாது. ஆனாலும் மக்கள் மனத்தில் அதற்கு உள்ள மதிப்பு உண்மையானது. அந்தப் பின்னொட்டின் நிர்வாகத்தைத் தனியார் முதலீட்டு நிறுவனம் ஒன்று 113.5 கோடி டாலருக்கு வாங்க முயன்றபோது உலகெங்கும் தொண்டு அமைப்புகள் எதிர்த்தன. 2020 ஏப்ரலில் ஐகான் அனுமதி மறுத்தது. அன்று அந்த எதிர்ப்பு எழுந்திராவிட்டால் இன்று இவ்வளவு உறுதியாக இதை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் புதிய பின்னொட்டில் தளம் நடத்துகிறோம். இப்போது டாட் காம் கிடைத்துவிட்டது. மாறிய பிறகு பழைய பெயரை விட்டுவிடலாமா?

பதில்: மாறுங்கள், ஆனால் பழையதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பழைய பக்கத்திலிருந்தும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 எனப்படும் நிலையான திருப்புதலை அமையுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது பலர் செய்யும் பிழை. தேடுபொறிக்காக இந்தத் திருப்புதல் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். பெயரையோ அதைவிட நெடுங்காலம் புதுப்பித்து வர வேண்டும். காரணம் மின்னஞ்சல். நீங்கள் கைவிட்ட பெயரை வேறொருவர் பதிவு செய்தால், அந்த முகவரிக்கு வரும் கடவுச்சொல் மீட்பு மடல்கள் அவர் பெட்டியில் விழும். எந்தெந்தச் சேவைகளில் பழைய முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று இப்போதே ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வாருங்கள். பட்டியல் முழுதும் தீர்ந்து, பழைய பெட்டிக்குச் சில ஆண்டுகளாக ஒரு மடலும் வரவில்லை என்று உறுதியான பிறகு பழைய பெயரை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.