பை தூக்கியவர் ஆடிய மூன்று நாள்

கேள்வி: அப்பா அல்லது அம்மாவோடு நீங்கள் மட்டும் தனியாகப் போய்வந்த பயணம் ஏதாவது உண்டா? எங்கே போனீர்கள்? மற்றவர்களுக்கும் அந்த இடத்தைச் சொல்வீர்களா?

உண்டு. 2023 அக்டோபரில் அப்பாவும் நானும் கலிஃபோர்னியாவில் மான்டரே கடற்கரைப் பக்கம் மூன்று நாள் போய் இருந்தோம். கோல்ஃப் ஆடப் போனோம். அப்பாவுக்கு அப்போது 68 வயது. அவர் முழுதாக ஒரு ஆட்டம் ஆடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆனால் கோல்ஃப் அவருக்குப் புதிது இல்லை. நீலகிரியில் பிறந்தவர். 11 வயதிலிருந்து 17 வயது வரை, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், அங்கே ஒரு மைதானத்தில் ஆட வருபவர்களுக்குப் பை தூக்கினார். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் கேடி (caddie) என்று பெயர், அதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. "பை தூக்கப் போவேன்" என்றுதான் சொல்வார். காரணம் எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது. தமிழில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் பெயர் இருப்பவன். தெருவில் யாராவது "கேடிப் பசங்க" என்று சொன்னால், எந்த அர்த்தத்தில் சொன்னார்கள் என்று அந்தப் பையன்களுக்கே தெரியாதாம். அப்புறம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, நாங்கள் பிறந்தோம். கோல்ஃப் அத்தோடு முடிந்தது. வீட்டில் அதன் அடையாளமாக இருந்தது ஒரு பேப்பர் துண்டு மட்டும்தான். 1991-ல் அலி ஷேர் இந்தியன் ஓப்பன் ஜெயித்த செய்தி. டெல்லியில் பை தூக்கிக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் போட்டியை ஜெயித்த முதல் இந்தியரும் அவர்தான். அதை அப்பா கத்தரித்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்.

நான் கோல்ஃப் கற்றது சான் ஹோசேயில், அலுவலகத்து ஆட்களோடு. ஃபோனில் சொன்னபோது அப்பா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "பட்டர் அடிக்கும்போது தலையை ஆட்டாதே கண்ணு" என்றார். பட்டர் (putter) என்றால் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவர் அமெரிக்கா வந்ததும், அம்மாவை இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம்பி வீட்டில் பேரனோடு விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். ஒன்றரை மணி நேரம்தான். கில்ராய் வரும்போது கண்ணாடியை இறக்கினால் பூண்டு வாசனை வரும். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

செலவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மான்டரே என்றதும் எல்லோரும் பெப்பிள் பீச் என்பார்கள். 1919-ல் திறந்த மைதானம், உலகப் புகழ். அங்கே 18 குழி ஆட ஒருவருக்கு 600 டாலருக்கு மேல் ஆகும். அவர்களுடைய ரிசார்ட்டில் தங்கினால்தான் முன்கூட்டியே நேரம் வாங்க முடியும், அதற்கும் பெரிய தொகை. எங்களால் முடியாது, அப்பாவும் ஒத்துக்கொள்ள மாட்டார். பக்கத்தில் பசிஃபிக் குரோவ் என்ற ஊருக்குச் சொந்தமாக நகராட்சி கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பெப்பிளில் ஒருவர் ஆடும் பணத்தில் இங்கே ஐந்து பேராவது ஆடலாம். இதன் பதினெட்டுக் குழிகளில் பின்பாதி ஒன்பதை 1960-ல் வடிவமைத்தவர் ஜாக் நெவில். பெப்பிள் பீச்சை வடிவமைத்த இருவரில் ஒருவர் அவர். அதே கடல், அதே காற்று. உங்கள் பெற்றோரைக் கூட்டிப் போவதென்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

தங்கியது அசிலமாரில். மணல்மேடுகளும் பைன் மரங்களுமாக இருக்கும் மாநிலப் பூங்கா அது, உள்ளேயே அறைகள் உண்டு. பழைய கட்டடங்களைக் கட்டியவர் ஜூலியா மார்கன் என்ற பெண் கட்டடக் கலைஞர், 1913-லிருந்து. அறையில் டிவி கிடையாது. எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. இரவு இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். பை தூக்கிய காலத்தில் கட்டடக் கம்பியை வளைத்து மட்டை செய்து, மாலையில் எல்லோரும் போனபின் வெளியே சரிவில் அடித்துப் பார்த்த கதையெல்லாம் அங்கேதான் முதன்முதலாகச் சொன்னார்.

முதல் நாள் மாலை பெப்பிள் பீச்சைச் சும்மா பார்க்கப் போனோம். கார் உள்ளே போக மட்டும் கட்டணம். 18-ஆவது கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, பின்னால் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஸ்டில்வாட்டர் கோவ் பக்கம் நடந்தால் 17-ஆவது கிரீன் தெரியும். 1982 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில், கிரீனுக்கு வெளியே உயரமான புல்லுக்குள் கிடந்த பந்தை டாம் வாட்சன் என்ற ஆட்டக்காரர் நேராகக் குழிக்குள் இறக்கியது அங்கேதான். பக்கத்தில் கொண்டுபோய்ப் போடு என்று பை தூக்குபவர் சொல்ல, உள்ளேயே போடுகிறேன் என்று வாட்சன் சொல்லிவிட்டு அடித்தார். விழுந்ததும் ஓடிக்கொண்டே அவரைப் பார்த்துத்தான் விரலை நீட்டினார். இதை நான் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பையன் பேர் என்ன?" புரூஸ் எட்வர்ட்ஸ் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை பெப்பிள் பீச்சிலேயே இருக்கும் தி ஹே என்ற சின்ன மைதானத்தில் ஆடினோம். டைகர் உட்ஸ் வடிவமைத்து 2021-ல் திறந்தது, ஒன்பது குழிகளும் குட்டையானவை. வயதானவர்களுக்கு அருமையான இடம். இரண்டாவது குழி பெரிய மைதானத்தின் புகழ்பெற்ற ஏழாவது குழியை அப்படியே பார்த்துச் செய்தது, 106 கஜம். அப்பா கையில் எடுத்த மட்டைக்குப் பந்து முன்னாலேயே மணலில் விழுந்தது. அவருக்குப் புரியவில்லை. நன்றாகப் பட்ட அடிதான் அது. அவருடைய கணக்கெல்லாம் நீலகிரியின் கணக்கு. 6,000 அடிக்கு மேல் காற்று மெலிசு, பந்து கூடுதலாகப் பறக்கும். இங்கே கடல் மட்டம், குளிர்ந்த காற்று எதிரே வருகிறது. ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு தூரம் உண்டு, ஐம்பது வருஷமாக மனதில் வைத்திருந்த அந்தத் தூரமெல்லாம் ஒரு மட்டை அளவுக்குக் குறைந்து போயிருந்தது. இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "அப்ப என் கண்ணு கெடலை" என்றார்.

மூன்றாம் நாள்தான் பசிஃபிக் குரோவ். அங்கே தொடக்கமே அடுத்தடுத்து இரண்டு பார் 3 குழிகள், அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டைக் குழிகள். புதிதாக ஆடுபவருக்கு அது நல்லது. ஆனால் அப்பா அடித்துவிட்டுத் தன் பந்தை நோக்கிப் போகவில்லை. பை வைத்த என் தள்ளுவண்டியிடம் வந்து என் மட்டையைத் துடைத்தார். அடுத்த மட்டையை உருவி, பிடியை என் பக்கம் நீட்டினார். "அப்பா, நீங்க ஆடுங்க" என்று நான் சொல்லச் சொல்ல, சரி சரி என்பார், மறுபடி வந்து நிற்பார். நான்காவது குழிவரை இப்படியே. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குப் பழக்கம் என்று மற்றவர்கள் சொல்லலாம், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

எங்களோடு முன்பின் தெரியாத வயதான இருவரைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் அப்பாவிடம், எத்தனை வருஷமாக ஆடுகிறீர்கள் என்று கேட்டார். அப்பா தன் ஆங்கிலத்தில், நான் ஆடியதில்லை, கேடியாக இருந்தேன், இந்தியாவில், சின்ன வயதில் என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான். அந்த மனிதர் கையுறையைக் கழற்றிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தானும் பள்ளி நாட்களில் அதே வேலை செய்தவன் என்றார். பிறகு தன் பந்துக்குப் பின்னால் போய் நின்று, இது எந்தப் பக்கம் திரும்பும் என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கிரீனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்க்கவில்லை, பாதத்தால் பார்த்தார். எந்தக் காலில் பாரம் ஏறுகிறது என்று நடந்து பார்த்தே சரிவைக் கண்டுபிடிப்பார்களாம். "பார்க்க இடது பக்கம் இறங்குற மாதிரி இருக்கு. ஆனா கடல் பக்கம்தான் போகும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பந்து கடல் பக்கம் திரும்பிக் குழிக்குள் போனது. அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒவ்வொரு கிரீனிலும் அவரைக் கேட்காமல் அடிக்கவில்லை. அப்பாவும் அங்கிருந்துதான் தன் பந்தைத் தேடிப் போக ஆரம்பித்தார்.

முன் ஒன்பது மரங்களுக்கு நடுவே, ஒரு பக்கம் கல்லறைத் தோட்டம். மான்கள் ஆட்களைக் கண்டு ஒதுங்கக்கூட இல்லை. பின் ஒன்பதில் மரமெல்லாம் நின்றுபோய் மணல்மேடும் கடலும் வந்துவிடும். நடுவில் பாயின்ட் பினோஸ் கலங்கரை விளக்கம், 1855-லிருந்து எரிகிறது. அதன் அருகே உட்கார்ந்து நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். அந்த இருவருக்கும் அப்பாவே ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக் கொடுத்தார். மணல்மேட்டில் ஐஸ் பிளாண்ட் என்று ஒரு செடி, தடித்த சதைப்பற்றான இலை. அதற்குள் பந்து போனால் அடித்து எடுக்கவே கூடாது, மணிக்கட்டு போய்விடும். அப்பா இரண்டு பந்தை அங்கேயும் ஒன்றைக் கடற்பக்கமும் விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: செப்டம்பர், அக்டோபரில் போங்கள். ஜூன், ஜூலையில் காலை முழுக்க மூடுபனி. முழங்கால் வலி இருந்தால் கூச்சப்படாமல் பேட்டரி வண்டி எடுங்கள். நாங்கள் எடுக்காமல் நடந்தோம், அப்பாவுக்கு அன்று இரவு தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று.

அப்பாவின் கணக்கு 131. ஒரு அடியையும் குறைக்காமல் அவரே பென்சிலால் எழுதினார். அந்த அட்டை இப்போது நீலகிரி வீட்டில், அலி ஷேர் இருக்கும் அதே உறைக்குள் இருக்கிறது. வரும் அக்டோபருக்கு மறுபடி டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனில் கேட்கிறார், அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் காற்று எதிரே வந்தால் ஒரு மட்டை கூட்டினால் போதுமா, இரண்டு கூட்டணுமா என்று.