சைலன்சர் போல்ட்டும் மணவாளக்குறிச்சி மணலும்

அன்புள்ள அண்ணாச்சி,

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்திலிருந்து எடுக்கும் அருமண் உலோகங்களை மக்னீசியத்தில் சேர்த்தால் சூடு தாங்கும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அப்பாவுக்கு ரப்பர் மரம் முறிக்கும் வேலை. அவருடைய செயின்சாவின் உடம்பு மக்னீசிய வார்ப்பு என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். சைலன்சரைப் பிடிக்கும் போல்ட்டுகள் எத்தனை தடவை முறுக்கினாலும் லூசாகின்றன. இதற்கும் நீங்கள் சொன்னதற்கும் சம்பந்தம் உண்டா? கொஞ்சம் மண்ணைக் கலந்தால் உலோகம் எப்படி உறுதியாகும்?

ஜெ., குலசேகரம்

அன்புள்ள தம்பி,

சம்பந்தம் உண்டு. ஆனால் அருமண் என்பது மண் இல்லை. சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் சுத்தமான உலோகங்கள். எளிதில் உருகாத ஆக்சைடுகளை அந்தக் காலத்தில் மண் என்று சொல்லிவந்தார்கள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எங்கள் பழைய ஓட்டு வீட்டின் உத்தரம் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நேராகத்தான் இருந்தது. என் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்தால் நடுவில் இரண்டு விரல்கடை இறங்கியிருக்கிறது. அதே ஓடு, அதே பாரம், காலம்தான் அழுத்தியது. உலோகத்தில் இதை க்ரீப் என்பார்கள். சூடும் கூட்டுச் சேர்ந்தால் வருடக்கணக்கில் நடப்பது மணிக்கணக்கில் நடந்துவிடும்.

அப்பாவின் செயின்சாவைப் பாருங்கள். போல்ட் எஃகு, உடம்பு மக்னீசியம். சூடானால் மக்னீசியம் எஃகைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விரியும். விரிய முயலும் உடம்பைப் போல்ட் விடாமல் பிடிக்கிறது. அந்த நெருக்கத்தில் மரையைச் சுற்றியுள்ள மக்னீசியம் மெல்ல நசுங்கி வழிவிடுகிறது. வேலை முடிந்து மிஷின் ஆறும்போது உடம்பு சுருங்கும், நசுங்கினது திரும்பி வராது. போல்ட்டுக்குப் பிடி போயிற்று. அதிர்வும் சேர்ந்துகொள்கிறது என்பது சரிதான், ஆனால் பழி முழுவதையும் அதிர்வின் மேல் போட முடியாது.

மக்னீசியம் 650 டிகிரியில் உருகும், அலுமினியம் 660-ல். பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் இதுமட்டும் ஏன் சீக்கிரம் இளகுகிறது? வார்த்த உலோகம் கல்கட்டு மாதிரி. மணிமணியாக உறையும், மணிகளுக்கு நடுவில் சாந்து மாதிரி வேறொரு பொருள் நிற்கும். சாதாரணமாகப் புழங்கும் ஏஇசட்91 கலவையில் 9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம். அந்த அலுமினியம் மக்னீசியத்தோடு சேர்ந்து உண்டாக்கும் சாந்து 437 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். 120 டிகிரி தாண்டினாலே அதன் பிடி தளர்கிறது. கல் நன்றாக இருந்தும் சாந்து சரியில்லை.

அருமண் சேர்ப்பது இந்தச் சாந்தை மாற்றத்தான். சீரியம் ஒன்றும் பெரிய சூடு தாங்கி இல்லை, அதுவே 800 டிகிரிக்குள் உருகிவிடும். பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதன் குணம், அலுமினியத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்வது. ஏஇ42 என்ற கலவையில் 4 சதவீதம் அலுமினியமும் 2 சதவீதம் அருமண்ணும் உண்டு. அருமண் அலுமினியத்தை இழுத்துக்கொண்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகும் ஊசி ஊசியான பொருளாக மணிகளின் ஓரத்தில் நிற்கும். இளகும் சாந்துக்கு அலுமினியம் மிஞ்சாது. அதற்கும் எல்லை உண்டு. 150 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் போனால் அந்த ஊசிகளே உடைந்து அலுமினியத்தை வெளியே விட, பழைய தொல்லை திரும்பி வரும்.

அதனால் ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு அலுமினியத்தையே ஒதுக்கிவிட்டார்கள். டபிள்யூஇ43-ல் 4 சதவீதம் இட்ரியம், 3 சதவீதம் அளவுக்கு நியோடிமியமும் கூட்டாளிகளும், மணிகளைப் பொடியாக்கக் கொஞ்சம் சிர்கோனியம். 250 டிகிரி வரைக்கும் கவலையில்லை. விலைதான் கவலை.

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டோடு, சிர்கோனியத்தின் தாதுவான சிர்கானும் கிடைக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்த மோனசைட்டை அடையாளம் கண்டது, திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் என்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது மோனசைட்டில் இருக்கும் தோரியம் என்ற உலோகம், பெட்ரோமாக்ஸ் மாதிரியான விளக்கு மேண்டிலுக்காக. அதே தோரியத்தை 2, 3 சதவீதம் மக்னீசியத்தில் சேர்த்து 300 டிகிரிக்கு மேலும் அசையாத வார்ப்புகளைப் பிற்காலத்தில் அமெரிக்கர்கள் செய்தார்கள், ஏவுகணைகளில் வைத்தார்கள். கதிரியக்கம் என்பதால் கைவிட்டார்கள். இட்ரியம் நம் மோனசைட்டில் சொற்பம்தான். சீரியமும் லாந்தனமும்தான் ஏராளம். கரையைத் தோண்டுவதைப் பற்றி நம் மீனவர்களுக்கு இருக்கும் பயம் தனி விஷயம். இந்த உலோகப் பெருமையை அதற்குப் பதிலாகச் சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

சரி, அப்பாவின் போல்ட். மரை வழுக்கத் தொடங்கியிருந்தால் ஹெலிகாயில், அதாவது துளைக்குள் மரையாக உட்காரும் கம்பிச் சுருள், போடச் சொல்லுங்கள், பாரம் இன்னும் அகலமான இடத்தில் பரவும். சூட்டோடு முறுக்க வேண்டாம், ஆறின பிறகு முறுக்கட்டும். அப்புறம், துளையிடும்போது விழும் மக்னீசியத் தூளை அங்கேயே குவித்து வைக்காதீர்கள். ஒரு பொறி பட்டால் வெள்ளை வெளிச்சமாகப் பிடித்து எரியும். பதறித் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், நன்றாகக் காய்ந்த மணல்.

அன்புடன்,
அண்ணாச்சி