வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் விண்டோஸ் ஹோம் கணினியில் யார் எப்போது நுழைந்தார்கள் என்று பார்க்க, செக்யூரிட்டி லாகை எப்படி ஆன் செய்வது?

லாகை ஆன் செய்வது ஐந்து நிமிட வேலை. ஆனால் "எல்லாரும் பயன்படுத்தும்" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கவனியுங்கள்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு பங்காளிகளுக்குப் பொது. ஓடு மாற்றியது, வெள்ளையடித்தது, காவலுக்கு இருப்பவர் சம்பளம் என்று பொதுச் செலவெல்லாம் முகப்பை ஒட்டிய அறையில் இருக்கும் கணினியில்தான் ஏறும். ரொம்ப நாள் அதில் ஒரே யூசர் கணக்கு, பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். அப்படி இருந்தால் யார் உட்கார்ந்தாலும் லாகில் விழுவது அந்த ஒரே பெயர்தான். ஆகவே ஆளுக்கொரு கணக்கு போடுங்கள். ஒருவர் மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர், மற்றவர்கள் ஸ்டாண்டர்டு யூசர். பெரியப்பச்சிகள் முகம் சுளித்தால் நாலு இலக்க பின் வைத்துக் கொடுங்கள், போதும்.

ப்ரோ பதிப்பில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்ற ஜன்னலில் டிக் அடித்து முடித்துவிடலாம். ஹோமில் அது கிடையாது. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ஆடிட்பால்' (auditpol) கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். எதையெல்லாம் லாகில் பதிய வேண்டும் என்று சொல்லும் கட்டளை அது. அதில் 'லாகான்' என்ற துணைப்பிரிவுக்கு சக்சஸ், ஃபெயிலியர் இரண்டையும் எனேபிள் செய்யுங்கள். ஃபெயிலியரை விட்டுவிடாதீர்கள், தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தவர் அதில்தான் சிக்குவார்.

அப்புறம் லாகைப் படிக்க விண்டோஸிலேயே இருக்கும் ஈவென்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'செக்யூரிட்டி'. ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஒரு எண் உண்டு. உள்ளே வந்தது 4624, பாஸ்வேர்டு தவறியது 4625, புதுக் கணக்கு உருவானது 4720. யாராவது லாகையே அழித்தால் 1102 என்று ஒரு வரி மிஞ்சும்.

இங்கேதான் பலர் பயந்துபோகிறார்கள். வடிகட்டாமல் பார்த்தால் 4624 நூற்றுக்கணக்கில் இருக்கும். எங்கள் வீட்டிலும் "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ செலவுக் கணக்கைத் திறந்திருக்கிறார்கள்" என்று ஒரு பங்காளி கிளப்பிவிட்டார், பேச்சு தடித்துவிட்டது. அந்த வரியைத் திறந்து பார்த்தால் லாகான் டைப் (எந்த வழியில் நுழைந்தது என்று காட்டும் எண்) 5. அதாவது விண்டோஸின் சொந்த சர்வீஸ், மனுஷன் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது டைப் 2 (நேரில் உட்கார்ந்து நுழைந்தது), 7 (பூட்டிய திரையைத் திறந்தது), 10 (ரிமோட் டெஸ்க்டாப்), 11 (சேமித்து வைத்த பாஸ்வேர்டை வைத்துச் சரிபார்த்தது; மைக்ரோசாஃப்ட் கணக்கில் இதுவும் வரும்). தூக்கத்திலிருந்து எழும்போது கணினி பாஸ்வேர்டு கேட்காதபடி வைத்திருந்தால் அப்போது நுழைந்தது பதியாது, அதையும் மாற்றுங்கள்.

லாகின் அளவு வழக்கமாக 20 எம்பிதான். நிறைந்ததும் பழையது அழிந்து புதியது ஏறும். செக்யூரிட்டி மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ் போய் ஒரு 100 எம்பி ஆக்கிக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் கரண்டையும் கணக்கில் வையுங்கள். திடீரென்று மின்சாரம் போனால் 'சிஸ்டம்' லாகில் 6008 என்று விழும். அது யாரோ பிளக்கைப் பிடுங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பழைய டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்துக் கடிகாரம் பின்னால் போயிருக்கும். நேரம் தப்பான லாகை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஒரு ஃபைலை யார் மாற்றினார்கள் என்பது வேறு ஆடிட். 'ஃபைல் சிஸ்டம்' துணைப்பிரிவை எனேபிள் செய்து, அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஆடிட்டிங் வரை போய் ஆட்களைச் சேர்க்க வேண்டும். 4663 ஆக விழும். செலவுக் கணக்கு இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் போடுங்கள். சி டிரைவ் முழுக்கப் போட்டால் 100 எம்பியும் சீக்கிரமே நிறைந்துவிடும்.