விபத்தில் இறந்த அண்ணனுக்கு 8 லட்சம் தருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

34 வயதுக் கொத்தனார், லாரி மோதி இறந்திருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. இன்சூரன்ஸ் தரப்பு 8 லட்சத்துக்குச் சமரசம் பேசுகிறது என்கிறீர்கள். தயவுசெய்து இப்போது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று நிரூபித்தால், 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரர் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள்: 21,000. அவரை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும்: 15,750. வருடத்துக்கு 1,89,000. இந்த வருடத் தொகையை அவர் வயதுக்கான பெருக்கு எண்ணான 16-ஆல் பெருக்குவார்கள். ஆக 30,24,000 ரூபாய். லாரி மீதுதான் முழுத் தவறு என்றால் இதுதான் கணக்கு. 2017-ல் உச்ச நீதிமன்றம் பிரணய் சேத்தி வழக்கில் உறுதிசெய்த முறை இது. உறவை இழந்ததற்கும் இறுதிச் சடங்குக்கும் தனித்தொகை உண்டு. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம்.

அம்மாவை மனுவில் கட்டாயம் சேருங்கள். அவரை விட்டுவிட்டால் கழிவு மூன்றில் ஒரு பங்காகிவிடும், அவருக்கான பங்கும் போய்விடும்.

ஆனால் எல்லாமே அந்த 15,000-த்தில்தான் நிற்கிறது. கூலி வேலைக்குச் சம்பளச் சீட்டு ஏது? என் தங்கை கணவர் இறந்தபோது எங்களைக் காப்பாற்றியது மேஸ்திரியின் நோட்டுதான். தேதி, ஆள் பெயர், கூலி, முன்பணம் எல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அவரே வந்து சாட்சியும் சொன்னார். உங்கள் அண்ணன் யாரிடம் வேலை பார்த்தாரோ அவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். நல வாரிய அட்டை, பேங்க் பாஸ்புக், சீட்டுக் கட்டிய ரசீது என்று கிடைப்பதையெல்லாம் எடுத்து வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வக்கீல் கேட்பார். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம், தள்ளிப்போடாதீர்கள். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

அப்புறம், அண்ணி பெயரில் தனி வங்கிக் கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்கிவிடுங்கள். பிள்ளைகளின் பங்கைப் பெரும்பாலும் 18 வயது வரை டெபாசிட்டில் போடச் சொல்வார்கள். படிப்புச் செலவுக்கு வட்டியை எடுக்க அனுமதி வேண்டும் என்று வக்கீலிடம் முன்பே சொல்லி வையுங்கள்.